தொப்பி போடாத களஞ்சியக்காரர்

எங்கள் வீட்டில் உப்பு முடிந்தால் கடைக்குப் போவதில்லை. அலோசியஸிடம் அன்ட்ராக் போட வேண்டும். இந்த ஜேர்மனிக்கு வந்திறங்கிய நாள் முதலாய் எதற்கெடுத்தாலும் விண்ணப்பம் நிரப்பி நிரப்பிக் கை ஓய்ந்துபோனவள் நான். வீட்டுக்குள்ளேயும் கட்டின மனுசனிடம் விண்ணப்பம் போடுகிற சீவியம் என் தலையில் எழுதியிருக்கிறது.

“இஞ்சருங்கோ, உப்பு முடிஞ்சுது.”

“இப்பதானே ஒரு பைக்கற் எடுத்துத் தந்தனான்?”

“ஓம், நான் உப்பை அள்ளி அள்ளித் தின்னுறனான். எடுத்துத் தாங்கோ.”

சட்டைக்குள் கையை விட்டு, மாதா பதக்கத்தோடு சேர்த்துக் கழுத்தில் கட்டியிருக்கும் சாவியை வெளியே எடுப்பார். கெல்லருக்கு இறங்கிப் போவார். டோர்ட்மண்டில் எங்கள் கட்டிடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே நிலத்தடியில் ஓர் அறை உண்டு, அதைத்தான் கெல்லர் என்பார்கள். மற்றவர்கள் அதில் சைக்கிளும் பழைய கட்டிலும் வைத்திருக்கிறார்கள். எங்களுடையதில் அரிசி மூட்டை, உப்பு, சீனி, பருப்பு, சவர்க்காரம், கழிவறைக் கடதாசி, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, பற்றறி. மண்ணெண்ணெய்யும் வைக்கப் பார்த்தார். “மண்ணெண்ணெய் வந்தால் நான் மகளையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிடுவன்” என்று நான் ஒற்றைக் காலில் நின்றதால் அது மட்டும் இல்லை. அந்த அறைக்கு ஒரே ஒரு சாவி. இத்தனை வருடத்தில் அதை என் கையில் தந்தது கிடையாது.

கொரோனா வந்து கடைகளில் தட்டெல்லாம் காலியாகிக் கிடந்தபோது மேல்மாடி ஜேர்மன்காரி வெட்கத்தோடு வந்து கதவைத் தட்டினாள். அதன் பிறகு பக்கத்து வீடு, எதிர் வீடு. அலோசியஸ், கோயிலில் மேற்றிராணியார் ஆசீர்வாதம் கொடுப்பதுபோல, ஆளுக்கொரு பொதியாய்க் கழிவறைக் கடதாசி எடுத்துக் கொடுத்தார். இந்த நாட்டில் என் மனுசன் நிம்மதியாக இருந்து நான் கண்டது அந்த ஒரு மாதந்தான். உலகமே நடுங்கிக்கொண்டிருக்க இவர் மட்டும் விசிலடித்துக்கொண்டு திரிந்தார். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

என் பெயர் பிறேமா. நானும் அவரும் மன்னார்ப் பக்கம். சண்டை துரத்தத் துரத்த ஓடி, கடைசியில் வன்னிக்குள் மல்லாவியில் குடியிருந்தோம். அங்கே அவர் சங்கக் கடையில், அதாவது கூட்டுறவுச் சங்கத்தின் கடையில், களஞ்சியப் பொறுப்பாளர். பொருளாதாரத் தடை இருந்த காலம். பற்றறி, சவர்க்காரம், மண்ணெண்ணெய், மருந்து எதுவும் சும்மா வராது. வருகிற லொறியை நம்பிச் சனம் இருக்கும். லொறி வரும் என்பார்கள், வராது. வந்தால் பாதி இருக்கும். அந்தப் பாதியிலும் இவர் ஒரு பிடி எடுத்துப் பின்னறையில் பூட்டி வைப்பார். அரிசி, பால்மா, சவர்க்காரம். “இல்லாத காலத்துக்கு” என்பார். இருக்கிற காலமே இல்லாத காலமாய்த்தான் இருந்தது, ஆனால் இவருக்கு அதற்கும் அப்பால் ஒரு இல்லாத காலம் தெரிந்துகொண்டே இருந்தது.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் வந்தது. வன்னிக்கு வருகிற பாதை திறந்தது. பஸ் ஓடியது, ஐஸ்கிறீம் வந்தது, வெள்ளைக்காரர் வெள்ளை வாகனங்களில் வந்தார்கள். நானும் சந்தோசப்பட்டேன், ஏன் பொய் சொல்வான். இவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். “திறந்தவன்ர கையிலதானே பூட்டும் கிடக்குது” என்று சொல்லிச் சொல்லி எல்லாருடைய வாயிலும் ஏச்சு வாங்கினார். கடைசியில் சங்கத் தலைவர் ஒரு கூட்டம் வைத்தார். மேடை, மாலை, ஒலிபெருக்கி. இனிப் பின்னறை எதற்கு, அதைத் துப்புரவாக்கிக் கலியாணம் காட்சிக்கு வாடகைக்கு விடலாம், அலோசியஸ் சாவியைத் தந்து சமாதானத்தை ஆரம்பித்து வைப்பார் என்றார். சனம் கை தட்டியது. கை தட்டின சத்தத்தில் இவர் எழும்பிப் போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். நான் கீழே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதை திறந்திருக்கும்போதே நாங்கள் கொழும்புக்கு வந்து, என் அண்ணன் இருந்த இந்த ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டோம். அலோசியஸின் அக்கா, யோசப்பின் என்று பெயர், வரவில்லை. “சமாதானம் வந்திட்டுது, நான் ஏன்டா ஓட?” என்றா. நாங்கள் வந்த அடுத்த வருடம், இரண்டாயிரத்து ஆறில், பாதையைத் திரும்பப் பூட்டினார்கள். பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அக்கா சண்டையின் கடைசி மாதங்களில், கடற்கரையில், கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்தில் ஷெல் விழுந்து செத்துப்போனா. செய்தி வந்த அன்று இவர் அழவில்லை. கெல்லருக்குப் பூட்டு வாங்கப் போனார்.

எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். “நீங்கள் பூட்டி வைச்ச அரிசி அவ்வளவு வருசம் கிடந்தால் புழுத்து மண்ணாய்ப் போயிருக்கும். அது இருந்திருந்தாலும் அக்கா இருந்திருக்க மாட்டா.” சுவரோடு கதைத்தால் சுவராவது எதிரொலிக்கும். இவர் தலையை ஆட்டிவிட்டு அரிசி மூட்டையின் திகதியைப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட மனுசன் கிழமைக் கடைசியில் கோட்டை விளையாட்டு விளையாடப் போனார் என்றால் நம்புவீர்களா?

வேலை செய்கிற பண்டகசாலையில் இவருக்கு மேலே இருப்பவர் யூர்கன். நல்ல மனுசன், இவரை அலோய்ஸ் என்று கூப்பிடுவார். பெண்சாதி செத்துப்போய்விட்டா, பிள்ளைகள் இல்லை. பென்சனுக்குக் கிட்ட வந்துவிட்டார். அவரும் அவருடைய கூட்டாளிகளும் சவர்லாண்ட் மலைப்பக்கம் ஒரு புல்வெளியில் மரத்தால் ஒரு கோட்டை கட்டி வைத்திருக்கிறார்கள். அமெரிக்கா புதிதாய் நாடான காலத்து எல்லைக் கோட்டையாம். வருடா வருடம் அதற்குள் போய்ப் பழைய பட்டாளக்காரர்போல உடுத்திக்கொண்டு, பழைய சட்டியில் சமைத்து, பழைய போர்வையில் படுப்பார்கள். ஊரில் நாங்கள் உயிருக்குப் பயந்து மரத்தடியில் படுத்ததை இங்கே இவர்கள் லீவு எடுத்துச் செய்கிறார்கள். கண்டறியாத விளையாட்டு!

யூர்கன் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கோட்டைக் கதையை இவருக்குச் சொல்லியிருக்கிறார். தலைநகரத்தில் ஒப்பந்தக்காரன் காசை வாங்கிக்கொண்டு புழுத்த மாவை அனுப்புவானாம். சப்பாத்து ஒரு மழைக்குப் பிய்ந்து போகுமாம். படகு வரும் வரும் என்று பட்டாளம் பசியோடு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்குமாம். இதற்கிடையில் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரரான பூர்வகுடி மக்களோடு சமாதானம் பேச ஆள் அனுப்புவார்களாம், அதே கையோடு கோட்டைக்கு வெடிமருந்தும் அனுப்புவார்களாம். இவர் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சொன்னார்:

“பிறேமா, உது எங்கட கதையெல்லோ! சமாதானம் பேசப் போறவன் ஏன் வெடிமருந்து ஏத்துறான்? அதுகள் எப்பிடி நம்பும்?”

“சப்பாத்தைக் கழட்டுங்கோ முதல்ல.”

அந்த வருடமே போனார். முதலில் இவரைப் பூர்வகுடித் தலைவராக இருத்தப் பார்த்தார்களாம், நிறம் பொருந்துகிறதாம்! என் மகள் மெலனி கேட்டுவிட்டுக் கொதித்துப்போனாள். அவள் இங்கே பிறந்தவள், தாதியர் ஔஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்கிறாள், நியாயம் பேசத் தொடங்கினால் வீட்டில் ஒருவரும் இருக்கேலாது. இவரோ, “நான் ஸ்ரோர்க் கீப்பர். ஸ்ரோர் எண்டால் வாறன், இல்லாட்டில் வீட்டை போறன்” என்று சொல்லியிருக்கிறார். அப்படியே கோட்டையின் களஞ்சியக்காரர் ஆகிவிட்டார். பிறகு வந்த வருடங்களில் அவர்கள் யோசித்து, பூர்வகுடிகளாய் ஒருவரும் வேசம் போடுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். சமாதானப் பேச்சில் எதிர்ப்பக்கம் ஆள் இருக்காத வெறும் வாங்கு போட்டு வைப்பார்கள், ஒரு பெண் நின்று அந்தக் காலத்துப் பூர்வகுடித் தலைவர்கள் சொன்னதை வாசிப்பாள்.

“ஒரு பக்கம் வாங்கு வெறுமையாய்க் கிடக்குது, பேச்சுவார்த்தை நடக்குது. இதைவிட உண்மையாய் ஆருக்கும் நடிக்கேலாது” என்று இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த வருடம் சங்கதி பெரிதாகிவிட்டது. அந்தப் புல்வெளி ஊர்ச்சபைக்குச் சொந்தம். கோட்டையைத் தொடர்ந்து அங்கே வைத்திருக்க விடுவதா இல்லையா என்று சபை யோசிக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்கு ஊர்த் தலைவர் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு. அதனால் யூர்கன் கடைசிக் காட்சியைப் புதிதாய் எழுதினார். சமாதானம் கையெழுத்தாகும். படைத்தலைவராக வருகிற யூர்கன் களஞ்சியச் சாவியைக் கேட்பார். களஞ்சியக்காரர் கொடுப்பார். சாவியைச் சமாதானக் கம்பத்தில் தொங்கவிடுவார்கள், இனிப் பூட்டுத் தேவையில்லை என்று அர்த்தம். களஞ்சியம் திறக்கும், உள்ளே இருக்கிற மாவில் சுட்ட பாண் வந்திருக்கிற எல்லாருக்கும் பங்கு. ஊர்த் தலைவர் உருகிப்போவார் என்று யூர்கனின் கணக்கு.

யூர்கன் இதைச் சொன்னபோது இவர் “யா, யா” என்று தலையாட்டினார். கோட்டையில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்த அன்று வீட்டில் என்னிடம் சொன்னார்:

“சாவி குடுக்கமாட்டன்.”

“என்ன?”

“மேடையில ஏத்தி, சனத்துக்கு முன்னால, சமாதானம் எண்டு சொல்லிச் சாவி கேட்பினம். நான் குடுக்கமாட்டன்.”

“ஐயோ கடவுளே! உது விளையாட்டப்பா. மரச்சாவி, மரக்கோட்டை.”

“இரும்புச் சாவி.”

“என்ன மண்ணாங்கட்டியோ! அந்த மனுசன் தனியாள். அவருக்கு உந்தக் கோட்டைதான் குடும்பம். நீங்கள் குழப்பினால் அது போச்சு.”

“அப்ப வேற மாதிரி எழுதட்டும்.”

“அதை அவரிட்டச் சொல்லுங்கோவன்!”

“கோட்டைக்குள்ள ஒத்திகையில சொன்னனான். சிரிக்கிறார்.”

அதுதான் எனக்கு விளங்கவில்லை. யூர்கன் சிரிக்கிற ஆள் இல்லை. இவர் சொன்னால் கேட்கிற ஆள். வேலையிடத்தில் இவர் ஒரு பெட்டி குறைகிறது என்றால் யூர்கன் தன் வேலையை விட்டுவிட்டு வந்து எண்ணுவார். கோட்டைக்குள் போனால் மட்டும் என்ன பிடித்தது?

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. கோட்டைக்குள் கைத்தொலைபேசி கூடாது, ஆகையால் கழிவறைக்குப் பின்னால் ஒளித்து நின்று எடுத்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

“பிறேமா, மழை பெய்து மா நனைஞ்சு போச்சு. கூடாரத்தை உயர்த்திக் கட்டுங்கோ எண்டு நேற்றே சொன்னனான். நாளைக்குப் பாண் காணாது. யூர்கனிட்டப் போய்ச் சொன்னால், நெஞ்சை நிமித்திக்கொண்டு ‘பிலடெல்பியாவுக்குக் கடிதம் எழுது’ எண்டுறார்!”

“பிலடெல்பியாவோ?”

“அந்தக் காலத்துத் தலைநகரமாம். நான் சொல்லுறன், மா உண்மையாய் நனைஞ்சு போச்சு, வந்து பாருங்கோ எண்டு. எல்லாரும் சுத்தி நிண்டு சிரிக்கினம். ஒருத்தன் முதுகில தட்டி, ‘அலோய்ஸ், நீ அற்புதம்’ எண்டுறான். நான் விசரனே இவங்களுக்கு?”

“சாவியைப் பற்றிச் சொன்னனீங்களோ?”

“சொன்னனான். ‘இந்த ஆளை யாரும் மிஞ்சேலாது’ எண்டு கை தட்டினவை.”

போனை வைத்துவிட்டு நான் கறிச்சட்டியைப் போட்டு அடித்த அடியில் மெலனி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். யூர்கன்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம். கேலி செய்கிறதுக்கும் ஒரு அளவு வேண்டாமா? அதே நேரம் இவர்மேலும் கோபம். இந்தப் பெரிய நாட்டில் கால்பந்து பார்க்கலாம், தோட்டம் செய்யலாம். சாமான் வராத கோட்டையையும் நம்பேலாத சமாதானத்தையும் தேடிப் போய்ச் சேர்ந்திருக்கிறாரே!

ஞாயிற்றுக்கிழமை மெலனிக்கு வேலை. நான் தனியாக ரயில் ஏறினேன். மீன் ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கோட்டை வாசலில் நீளப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியுமாய் பிர்கிற் என்றொரு அம்மா நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தா. என் கையில் இருந்த அலுமினியத் தாளைப் பார்த்ததும் முகம் கோணியது. அந்தக் காலத்தில் அது இல்லையாம், பைக்குள் வைக்கட்டாம். வைத்தேன். பிறகு எல்லாருக்கும் பொதுவாய்ச் சொன்னா:

“பார்வையாளரைப் பிரிக்கிற இந்தக் கயிற்றுக்கு உள்ளே எவர் என்ன சொன்னாலும் அது நாடகம். அழுதாலும், கத்தினாலும், சண்டை பிடித்தாலும் பயப்படாதீர்கள். ஆனால் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினால், அது உண்மை. யாருக்கோ காயம், அல்லது அவசரம். அப்போது எல்லாரும் நாடகத்தை நிறுத்திவிடுவோம். எங்கள் ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதைத்தான்.”

நான் அப்படியே நின்றுவிட்டேன்.

என் மனுசன் தொப்பி போடுவதில்லை. முதல் வருடமே கொடுத்தார்கள், மூன்று முனை வைத்த கறுப்புத் தொப்பி. “மூட்டை தூக்கிறவனுக்கு உது எதுக்கு? இடிக்கும்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தச் சட்டத்தையும் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள், விறுவிறு என்று ஜேர்மனில். இவரும் “யா, யா” என்று தலையாட்டியிருப்பார். எங்கள் ஆட்களின் பழக்கம் அதுதானே! விளங்கவில்லை என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைத்து, வீட்டுச் சொந்தக்காரனுக்கும் யா, டொக்டருக்கும் யா, கந்தோரில் இருக்கிறவளுக்கும் யா. நானும் அப்படித்தான் ஒருதரம் வேண்டாத தொலைபேசிக்கு ஒப்பந்தம் போட்டுவிட்டு வந்து நின்றேன். இந்த மனுசன் வருடக்கணக்காய் வெறுந்தலையோடு நின்று உண்மை சொல்லியிருக்கிறார், அவர்கள் நல்ல நடிகன் என்று கொண்டாடியிருக்கிறார்கள்.

எப்படியாவது அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று தள்ளிக்கொண்டு போனேன். அதற்குள் மத்தளம் அடித்துவிட்டார்கள். கயிற்றுக்கு உள்ளே யூர்கன் நீலச் சீருடையும் தொப்பியுமாய் நின்றார். எதிரே மூன்று வாங்கு, வெறுமை. பக்கத்தில் நின்ற பெண், நிலத்தைக் கேட்டு வந்தவர்களை நம்பி ஏமாந்தவர்களின் வார்த்தைகளை வாசித்தாள். ஊர்த் தலைவர் முன்வரிசையில் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். யூர்கன் சமாதானத்தை வாசித்து முடித்துவிட்டுக் குரலை உயர்த்தினார்.

“களஞ்சியக்காரர்! சாவி!”

அலோசியஸ் களஞ்சியக் குடிலிலிருந்து வந்தார். நனைந்த வெறுந்தலை. கையில் அந்த இரும்புச் சாவி.

“நைன்” என்றார்.

சனம் சிரித்தது. யூர்கனின் கண் ஒரு கணம் தடுமாறியது. ஆனால் நாடகத்தை விடாமல், “இது ஆணை!” என்றார்.

“நைன். தரமாட்டேன்.”

இன்னும் சிரிப்பு. இவருக்கு முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. பண்டகசாலையில் பழகிய உடைந்த ஜேர்மனில் கத்தத் தொடங்கினார். சமாதானம் என்று சொல்லுவீர்கள். சாவியைத் தா என்று சொல்லுவீர்கள். பாதை திறந்துவிட்டது, இனிச் சேமிப்பு எதற்கு என்பீர்கள். நாளைக்குப் பாதையைப் பூட்டினால் சனத்துக்கு யார் சோறு கொடுப்பது? பேச வந்த பெரியவர்களா? அவர்கள் வாகனத்தில் ஏறிப் போய்விடுவார்கள். பசியோடு வரிசையில் நிற்கப்போவது யார்? நான் ஒருதரம் கொடுத்தவன். இனிக் கொடுக்கமாட்டேன், கொடுக்கமாட்டேன்!

குரல் உடைந்துபோயிற்று. சாவியை நெஞ்சோடு அமுக்கிப் பிடித்தார்.

புல்வெளி முழுக்கக் கை தட்டியது. “பிராவோ!” என்று ஒருவன் கத்தினான். ஊர்த் தலைவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன நடிப்பு!” என்றா.

இவர் நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு தமிழில், தனக்குத்தானே சொன்னார்:

“அண்டைக்கும் இப்பிடித்தான் கை தட்டினவை.”

அது அந்த இடத்தில் எனக்கு மட்டுந்தான் விளங்கியது. மல்லாவி மேடையும் ஒலிபெருக்கியும் எழும்பிப் போன அவருடைய முதுகும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன. அன்றைக்குக் கீழே இருந்து பார்த்ததுபோல இன்றைக்கும் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலாமல் போய்விட்டது. கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். ஜீன்ஸ், சிவப்புக் குடை, தோளில் பை. பின்னால் பிர்கிற் கத்தியது கேட்டது. நேரே யூர்கனிடம் போய் அவருடைய தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கினேன். கொண்டுவந்து என் மனுசன் தலையில் அமுக்கினேன்.

“என்னப்பா செய்யிறீர்?”

“இப்ப அதைக் கழட்டுங்கோ.”

“விசரே உமக்கு?”

“கழட்டிக் கக்கத்துக்குள்ள வைச்சுக்கொண்டு சொல்லுங்கோ. தொப்பியைக் கழட்டினால்தான் இவை உண்மையெண்டு கேட்பினம். இவ்வளவு காலமும் நீங்கள் நடிக்கிறியள் எண்டு நினைச்சிருக்கினம். அதுதான் சட்டமாம். யா யா எண்டு தலையாட்டி விட்டுட்டு வந்திருக்கிறியள்!”

என்னைப் பார்த்தார். யூர்கனைப் பார்த்தார். மெதுவாகத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தார்.

கை தட்டல் அப்படியே நின்றது. கோட்டைக்காரர் எல்லாரும் ஆடாமல் நின்றார்கள்.

இந்த முறை அவர் கத்தவில்லை. “நான் சிறீலங்காவில் களஞ்சியக்காரனாக இருந்தேன். சமாதானம் வந்தது. சாவியைக் கேட்டார்கள். கொடுத்தேன். களஞ்சியத்தைக் காலியாக்கினார்கள். பிறகு பாதையைப் பூட்டினார்கள். என் அக்கா கஞ்சிக்கு வரிசையில் நின்று செத்துப்போனா. அவவுடைய பெயர் யோசப்பின்.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு, “மாவும் உண்மையாக நனைந்துபோயிற்று” என்றார்.

யூர்கன் கிட்ட வந்தார். தானும் தொப்பியைக் கழற்றக் கையைத் தலைக்குக் கொண்டுபோனார். அங்கே தொப்பி இல்லை. கை வெறும் தலையைத் தடவிக்கொண்டு நின்றது. அலோசியஸ் தொப்பியை எடுத்து அவருடைய தலையில் வைத்துவிட்டார். யூர்கன் அதைக் கழற்றித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“எனக்குத் தெரியாது, அலோய்ஸ்” என்றார். “நீ சொன்னதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. கேட்கத்தான் இல்லை. சாவியை நீயே வைத்திரு.”

காட்சி அத்தோடு முடிந்தது. கம்பத்தில் ஒன்றும் தொங்கவில்லை. பாணும் இல்லை. சனம் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே சொசேஜ் விற்கிற இடத்துக்குப் போனது. ஊர்த் தலைவர் யூர்கனுக்குக் கை கொடுத்துவிட்டு முடிவைச் சொல்லாமலே காரில் ஏறினார். கோட்டை இருக்குமா போகுமா என்று இதை எழுதும்வரை தெரியாது. யூர்கன் சீருடையோடு ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க, அலுமினியத் தாளை விரித்து என் மீன் ரோல்ஸைத் தின்றார். பிர்கிற்றும் ஒன்று எடுத்தா. உறைப்பு என்றா, இரண்டாவதும் எடுத்தா.

ரயிலில் இவர் ஜன்னல் பக்கம் இருந்தார். அந்த இரும்புச் சாவியை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். ஹாகன் நிலையம் தாண்டியதும் வாயைத் திறந்தார்.

“பிறேமா, குடுத்திருக்கலாமோ? உள்ளுக்கு நனைஞ்ச மாதானே கிடந்தது.”

எனக்கு வந்த கோபத்துக்கு ரயிலை நிறுத்தி இறக்கிவிட்டிருப்பேன். மழையில் நனைந்து, கயிற்றைத் தாண்டி, ஊர்ச்சனத்துக்கு முன்னால் ஒருத்தரின் தொப்பியைப் பிடுங்கி, இவ்வளவும் செய்தபிறகு குடுத்திருக்கலாமோவாம்!

“வாயை மூடிக்கொண்டு வாங்கோ” என்றேன். “வீட்டை போய்ச் சமைக்கோணும். உப்பும் இல்லை.”

அவர் சட்டைக்குள் கையை விட்டு, நூலைத் தலைக்கு மேலால் எடுத்து, மாதா பதக்கத்தைக் கழற்றித் தன் பையில் போட்டார். கெல்லர்ச் சாவியை என் கையில் வைத்தார்.

“உப்பு வலப்பக்கத் தட்டில கிடக்குது” என்றார். “எடுத்துப்போட்டுத் திருப்பித் தாரும்.”

“தரமாட்டன்” என்றேன்.

அவர் மடியில் கிடந்த இரும்புச் சாவியைத் திரும்ப உருட்டத் தொடங்கினார். டோர்ட்மண்டில் இறங்குமட்டும் சாவி என் கைக்குள்ளேயே இருந்தது.